பதினான்காம் பக்கத்து ஓநாய்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் நலம், அத்தானின் முதுகுவலி, வாலுவின் சேட்டை எல்லாம் எப்படியிருக்கின்றன என்று அறிய ஆவல். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ பேச ஆரம்பிப்பதற்குள் உன் மகள் பிடுங்கிக்கொள்கிறாள். அப்புறம் அரைமணி நேரம் பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதுதான் செய்தி. அதுவுமில்லாமல், கூடவே ஒரு படமும் அனுப்பவேண்டியிருக்கிறது.

முதலில் உட்கார்ந்துகொள். எனக்கு ஒரு புத்தகம் கிடைத்திருக்கிறது! பாடப்புத்தகம் இல்லை, அக்கா. பதினொரு வருஷமாக மருத்துவ மாணவர்களுக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் வரைந்து வரைந்து எனக்குக் கனவில்கூடக் குடல்தான் வருகிறது. இப்போது மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்காகப் பழைய தேவதைக் கதைகள் நாலை என் சொந்த நடையில் எழுதி, நானே படமும் போடவேண்டும். அட்டையில் என் பெயர் வரும். பாடப்புத்தகத்தில் என் பெயர் எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியாது. அச்சகத்தின் முகவரிக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும்.

முதல் கதை, ஏழு ஆட்டுக்குட்டிகளை ஓநாய் முழுசாக விழுங்குமே, தாய் ஆடு வயிற்றைக் கத்தரித்து எல்லாரையும் உயிரோடு வெளியே எடுக்குமே, அதுதான். சின்ன வயதில் நான் உன்னை நச்சரிப்பேனே, "உள்ள எப்படிக்கா மூச்சு விட்டுச்சு?" என்று. எந்தப் புத்தகமும் அதைக் காட்டியதில்லை. ஒரு பக்கத்தில் விழுங்கும், அடுத்த பக்கத்தில் குட்டிகள் புல் மேயும். ஏமாற்று வேலை! என் புத்தகத்தில் பதினான்காம் பக்கம் முழுக்க ஓநாயின் திறந்த வயிறு. உண்மையைச் சொல்லவேண்டுமென்றால் அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் இந்த வேலையையே ஒப்புக்கொண்டேன். வயிற்றில் கல்லைப் போட்டுத் தைக்கிற கொடுமையை மட்டும் எடுத்துவிட்டேன். என் ஓநாய் தையல் போட்டபிறகு எழுந்து, தண்ணீர் குடித்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும்.

பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வாலுவிடம் காட்டி, அவள் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் எழுது. என் மனசு நோகுமே என்று மழுப்பாதே.

உன் சின்னவள்

ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். வாலுவுக்குக் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். அத்தானின் முதுகு, பஸ் ஓட்டும்போது வலிப்பதில்லை. வீட்டில் வாளி தூக்கச் சொன்னால் மட்டும் வலிக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டிப்போவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். தொலைந்த பொருட்கள் பிரிவில் வேலை பார்ப்பவளுக்குக் கிடைத்த பொருளைப் பற்றிச் சொல்ல எப்போதாவதுதானே வாய்க்கிறது! முப்பது குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் உன் ஓநாயை மேஜைமேல் விரித்துவைத்தேன். டிக்கெட் பரிசோதகர் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டார்.

இனி வாலு சொன்னது, மழுப்பாமல்:

"இதுதான் குடலா? இவ்ளோ நீளமா? என்னோடதுமா? குட்டிங்க அதுல சறுக்கி வெளையாடுது, பாரும்மா. இந்தச் சிவப்பு என்ன? கல்லீரலா? கல்லு மாதிரி இருக்குமா? ஓநாய்க்குப் பல்லு பத்தல, சித்திய இன்னும் ரெண்டு வெக்கச் சொல்லு. சரி, தெச்சப்புறம் ஓநாய் நெஜமாவே எழுந்துச்சா?"

எழுந்தது என்றேன். "நெஜமா?" என்றாள். சத்தியமாக என்றேன். இப்போது அந்தத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அலைகிறாள்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் நலம். வாலுவின் இருமல் நின்றதா?

நேற்று பதிப்பாளர் அம்மாவிடம் படங்களைக் கொண்டுபோனேன். நல்ல மனுஷி, தேநீரெல்லாம் கொடுத்தார். பதின்மூன்று பக்கம்வரை "அடடா, அடடா" என்றார். பதினான்கைத் திருப்பியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது, கசாப்புக் கடையா?"

"அது மண்ணீரலுங்க" என்றேன்.

"மூணு வயசுப் பிள்ளைக்கு எதுக்கும்மா மண்ணீரல்?"

"ஓநாய்க்கு இருக்கேங்க."

என் வாய்தான் எனக்கு எதிரி, உனக்குத் தெரியாதா! போதாக்குறைக்குப் பாடப்புத்தகப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு அம்புக்குறி போட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதியிருக்கிறது. ஓரத்தில் 'வலது', 'இடது' என்றுகூட. அதைப் பார்த்துத்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தபடியே முடிவாகச் சொல்லிவிட்டார். "குழந்தைங்க அலறும். வயித்துக்கு முன்னாடி ஒரு திரை போட்டுடுங்க. இல்லாட்டி இந்தக் கதையே வேண்டாம். மார்ச் கடைசிக்குள்ள எனக்கு வேணும்."

திரை! ஓநாய் என்ன நாடகமா நடத்துகிறது? எந்தப் பக்கத்துக்காக இந்தப் புத்தகத்தை ஒப்புக்கொண்டேனோ அந்தப் பக்கத்தையே மறைக்கச் சொல்கிறார். நான் விடப்போவதில்லை, சண்டை போடத்தான் போகிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்று உடனே எழுது.

உன் சின்னவள்

பிப்ரவரி 19

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

திரை விஷயம் படித்தேன். டிப்போவில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

வாலு சில கேள்விகள் கேட்கிறாள். நீ இத்தனை வருஷம் டாக்டர்களுக்குப் படம் போட்டவள், உனக்குத் தெரியும் என்று கேட்கிறேன். தையல் போட்ட இடம் எத்தனை நாளில் ஆறும்? சின்ன உடம்பாக இருந்தால் சீக்கிரம் ஆறுமா? மயக்கம் தெளியும்போது பயமாக இருக்குமா? எல்லாம் ஓநாயைப் பற்றித்தான் கேட்கிறாள்.

வேறொன்றுமில்லை. எல்லாரும் சௌக்கியம்.

அக்கா

பிப்ரவரி 27

அக்கா,

காதில் பூ சுற்றாதே.

உன் கடிதத்தை உறையிலிருந்து எடுத்தபோது கூடவே ஒரு துண்டுத் தாள் விழுந்தது. நீ ஒட்டுவதற்கு முன்னால் வாலு உள்ளே தள்ளியிருக்கிறாள். கட்டிலில் ஒரு பெண் படுத்திருக்கிறாள், ரெட்டைப் பின்னல். வயிற்றில் தையல், ஓநாய்க்கு நான் போட்ட அதே குறுக்குத் தையல். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ், அதற்குள் அத்தான் அளவுக்கு மீசை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற அம்மாவுக்கு மட்டும் வாய் போடவில்லை.

ஒரே கடிதத்தில் இரண்டு முறை சௌக்கியம் என்று எழுதினால் எனக்குச் சந்தேகம் வராதா? இருமல், டிப்போவில் வேலை என்று எத்தனை நாள்தான் மறைப்பாய்? பிள்ளைக்கு என்ன? எப்போது? நான் கிளம்பி வரட்டுமா?

என் விஷயம் ஒன்றுமில்லை. திரை வரைந்துவிட்டேன். நீலத் திரை, அதில் மஞ்சள் பூக்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சண்டை போட மனசில்லாமல் போய்விட்டது. நீ பதில் எழுது, முதலில்.

சின்னவள்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

வாலுவுக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் வலது பக்கம் ஒரு சின்னப் புடைப்பு. இருமினால் பெரிதாகும், படுத்தால் மறைந்துவிடும். குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பதினான்காம் தேதி ஆபரேஷன். "ரொம்பச் சின்ன விஷயம், அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்" என்கிறார் டாக்டரம்மா. அவருக்குச் சின்ன விஷயம்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் தூரிகையைப் போட்டுவிட்டு அடுத்த வண்டியில் வந்து நிற்பாய். பதினொரு வருஷம் கழித்துக் கிடைத்தது கைநழுவிப் போகும். அது என்னால் நடந்ததாக இருக்கவேண்டாம் என்று நினைத்தேன். இப்போதும் சொல்கிறேன், வராதே. வந்தால் வாசலில் நிறுத்திவைப்பேன்.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது இவள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, இழுக்க வந்த டாக்டரம்மாவின் கையைக் கடித்துவிட்டாள். இரண்டாம் தடவை சட்டைக்குள்ளிருந்து உன் தாளை எடுத்து நீட்டி, "என்னோடது இதுல எங்க இருக்கு?" என்று கேட்டாள். டாக்டரம்மா குடலில் விரல் வைத்துக் காட்டினார். "இவ்ளோதானா?" என்றாள். அதற்குப் பிறகு அழவில்லை. மஞ்சள் பூத் திரையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் இந்தப் பிள்ளை அலறவில்லை, அதை மட்டும் உனக்குச் சொல்லவேண்டும்.

அக்கா

மார்ச் 8

அன்புள்ள வாலுவுக்கு,

ஓநாய் எழுதிக்கொள்வது. நான் நலம், என் வயிறும் நலம்.

தையல் போட்டவர்கள் சங்கத்தில் நீயும் சேரப்போவதாகக் கேள்விப்பட்டேன். இதுவரை சங்கத்தில் நான் ஒருவன்தான். தலைவரும் நான், செயலாளரும் நான். பேச்சுத் துணைக்கு ஆள் வருவதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

மூக்கில் ஒரு முகமூடி வைப்பார்கள். கொஞ்சம் ரப்பர் வாசனை அடிக்கும், பொய் சொல்லமாட்டேன். எண்ணச் சொல்வார்கள். நான் நாலுவரை எண்ணினேன், அதற்குமேல் எனக்குத் தெரியாது. நல்லவேளை, அதற்குள் தூங்கிவிட்டேன். கத்தரித்ததும் தெரியாது, தைத்ததும் தெரியாது. எழுந்தபிறகு வலித்தது. ஆமாம், வலித்தது. சிரித்தால் வலிக்கும், தும்மினால் இன்னும் வலிக்கும். மறுநாள் கொஞ்சம் குறைந்தது, ஒரு வாரத்தில் எனக்கே மறந்துபோனது.

டாக்டரம்மாவை இனிமேல் கடிக்காதே. நான் நிறையப் பேரைக் கடித்தவன், அனுபவத்தில் சொல்கிறேன்: டாக்டர்கள் ருசியாக இருப்பதில்லை, மருந்து வாசனை.

இப்படிக்கு,
ஓநாய்
(கையெழுத்து சித்தியுடையது. எனக்குப் பேனா பிடிக்க வராது.)

மார்ச் 17

அன்புத் தங்கைக்கு,

முடிந்துவிட்டது. நன்றாக இருக்கிறாள். பாலும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, சிரித்தால் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றே சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஓநாயின் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. வார்டில் இருந்த நர்ஸ்களுக்கெல்லாம் மனப்பாடம்.

ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லவேண்டும். அன்று காலையில் டாக்டரம்மா வந்து, அறுக்கவேண்டிய இடத்தில் பேனாவால் வலது பக்கம் கோடு போட்டுவிட்டுப் போனார். உள்ளே கொண்டுபோகும் நேரத்தில் வந்து பார்த்தால், இடது பக்கமும் ஒரு கோடு! சிவப்பு ஸ்கெட்ச் பேனா, குறுக்குத் தையலோடு சேர்த்து.

"இது யார் போட்டது? எனக்கு மேல ஒரு பெரிய டாக்டர் வந்துட்டுப் போனாரா?" என்றார்.

"நான்தான். நீங்க தப்பாப் போட்டுட்டீங்க. சித்தி படத்துல வலது இந்தப் பக்கம்தான் இருக்கு" என்கிறாள் உன் செல்லம். தாளை மடியில் விரித்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத் தன் வயிற்றில் வரைந்திருக்கிறாள். பெட்டியில் ஸ்கெட்ச் பேனா இருப்பதை நான் கவனிக்கவில்லை.

டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, அந்தச் சிவப்புக் கோட்டைத் துடைத்தார். நர்ஸ்கள் சிரித்தார்கள், அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

வயிற்றில் பால் வார்த்தாய்! தையல்காரிக்கு நூறு முத்தம், தும்மாமல் இருக்கச் சொல்.

சிவப்புக் கோட்டைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. தப்பு அவளுடையது இல்லை, அக்கா, என்னுடையது. பாடப்புத்தகத்தில் உடம்பு நம் எதிரே இருக்கும். அதன் வலது, தாளில் நமக்கு இடது பக்கம் வரும். மருத்துவ மாணவர்களுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு யார் சொன்னது? பதினொரு வருஷமாக நான் டாக்டர் நிற்கிற இடத்தில் நின்றே வரைந்திருக்கிறேன். ஓநாய் படுத்திருக்கிற இடத்தில் ஒருநாளும் படுத்துப் பார்த்ததில்லை.

கடிதத்தைக் கையில் வைத்தபடியே தரையில் மல்லாந்து படுத்தேன். தலைக்கு இரண்டு தலையணை வைத்து என் வயிற்றைப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, நான் மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்துத் தண்ணீர் கொண்டுவர ஓடினார். மூன்று நாள் தரையில்தான் வேலை.

புதிய பதினான்காம் பக்கம், ஓநாய் தன் கண்ணால் பார்ப்பது. கிட்டே மார்பு ரோமம், தூரத்தில் இரண்டு பாதங்கள், நடுவில் திறந்த வயிறு. குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வெளியே வருகின்றன. வலது நமக்கும் வலதுதான். குடல் ஓரமாகத் தெரிகிறது. மண்ணீரலைத் தியாகம் செய்துவிட்டேன்.

நேற்று இரண்டையும் பதிப்பாளர் அம்மாவின் மேஜையில் வைத்தேன், திரைப் பக்கத்தையும் இதையும். "திரைதான் வேணும்னா எடுத்துக்குங்க. ஆனா அதுல என் பேரு வேண்டாம்" என்றேன். பதிப்பாளர் அம்மா புதிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை தானாகப் போய்த் தன் இடுப்பின் ஒரு பக்கத்தைத் தொட்டது.

"எனக்கு ஒன்பது வயசுல ஆபரேஷன் பண்ணாங்க. உள்ள என்ன பண்ணாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல" என்றார். பிறகு திரையை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா, என் பக்கம் வருகிறது! உன் மகளுக்குத்தான் முதல் பிரதி.

உன் சின்னவள்

ஆகஸ்ட் 2

அன்புத் தங்கைக்கு,

இங்கே நாங்கள் நலம். வாலு ஓடுகிறாள், குதிக்கிறாள், மரம் ஏறி அத்தானிடம் அடி வாங்குகிறாள்.

நாலு மாதமாகக் கடிதமே போடவில்லை என்று கோபப்பட்டிருப்பாய். போனில் நீ கேட்டபோதெல்லாம் வேலை என்று சொன்னேன். வேலை இல்லை. எழுத உட்கார்ந்தால் ஆபரேஷன் அறையின் கதவு கண்முன்னால் வந்து நிற்கும். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினாள். எனக்குக் கை தூக்க முடியவில்லை. கதவு மூடியபிறகு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தை யாரிடமும் சொல்லவில்லை, அத்தானிடம்கூட. பிள்ளைக்குத் தைரியம் சொல்ல நீ இருந்தாய், ஓநாய் இருந்தது. எனக்கு என்ன சொல்லிக்கொள்வதென்று தெரியவில்லை.

நேற்று உன் புத்தகம் வந்தது. அட்டையில் உன் பெயரைப் பார்த்துவிட்டு அத்தான் டிப்போ முழுக்கக் காட்டி, நாலு விரல் ரேகையோடு திரும்பக் கொண்டுவந்தார். பதினான்காம் பக்கத்தின் அடியில் நீ எழுதியிருக்கிறாயே, 'மல்லாந்து படுத்து, இந்தப் பக்கத்தை வயிற்றின் மேல் விரித்துவைத்துப் பார்க்கவும்' என்று, அதை வாலு சட்டமாக்கிவிட்டாள். முதலில் அவள் படுத்தாள். அப்புறம் அத்தான், அவர் தொப்பையில் புத்தகம் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது. பேப்பர் போட வந்தவரைக்கூட வராந்தாவில் படுக்கச் சொன்னாள்; அவரும் படுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் என் முறை. அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன், விடவில்லை. பாயில் படுத்தேன். வயிற்றில் புத்தகத்தை வைத்து, பக்கத்தைத் திறந்துவிட்டு, என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

"கண்ணத் தொறம்மா" என்றாள். "ஒண்ணும் இல்ல. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. வேணும்னா எண்ணிப் பாரு."

எண்ணினேன். ஏழு இருந்தன. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது, சின்னவளே, அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு வந்தது. புத்தகம் வயிற்றில் குலுங்கியது. அத்தான் பதறிப்போய் ஓடிவந்து என்ன என்று கேட்டார்.

வாலு என் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்கப்பா. அம்மாவுக்கு இப்பத்தான் தையல் போட்டிருக்கு" என்றாள்.

அன்புடன்,
அக்கா